எதிரில் யாருமில்லாத தேர்தல்

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள் தம்பி. பொங்கல் முடிந்தும் இந்தப் பனி போகவில்லை. மடியில் இருப்பது சாட்சியச் சட்டம்தானே? தடிமனைப் பார்த்தே சொல்லிவிடுவேன். சட்டக் கல்லூரியா? நல்லது. நாளைக்குக் கறுப்புக் கோட்டு போடப் போகிறவர். வயதில் சின்னவர் என்றாலும் நீ என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பழக்கம். நான் எங்கள் ஊர்க் கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பது, வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு வருவது, அதுதான் வேலை. பெயர் முத்துக்குமாரசாமி.

சட்டம் படிக்கிறவர் என்பதால் ஒன்று கேட்கிறேன். எதிரில் ஒருத்தருமே நிற்காத தேர்தலில் ஒருவர் தோற்க முடியுமா?

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான். என் தங்கை தோற்றிருக்கிறாள்.

அவள் அமெரிக்காவில் நீதிபதி. அப்பீல் கோர்ட்டு நீதிபதி. எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள், போனில் தேடிப் பார்ப்பீர்கள். சோளம் விளைகிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தையல்நாயகி. அங்கே மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து வேறு எப்படியோ சொல்கிறார்கள். இப்போது அவளைக் கூட்டி வரத்தான் இந்த பஸ்ஸில் திருச்சி விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு இறங்குகிறாள். நாலு மணிக்கு எங்கள் ஊர் வக்கீல் சங்கத்தில் அவளுக்குப் பாராட்டு விழா. தேர்தலில் ஜெயித்ததற்கு.

ஆமாம், ஜெயித்ததற்கு. தோற்றது ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். விழா இருப்பது அவளுக்குத் தெரியாது. அங்கிருந்து காரில் ஊர் வந்து சேர்வதற்குள் நான் அவளிடம் பேசி, ஒரு அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் மாலையை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதுதான் என் கவலை. எனக்காக இல்லை தம்பி. வெட்கமெல்லாம் அவளை நினைத்துத்தான்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். நான் பத்தாவதோடு நின்றவன். அவள் பி.எல். முடித்தாள், ஒரு இன்ஜினியருக்குக் கட்டிக்கொடுத்தோம், அந்தப் பக்கம் போனாள். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. நம் பட்டம் அங்கே செல்லாது என்றார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மறுபடி படித்தாள், பரீட்சை எழுதினாள். வக்கீல் வைத்துக்கொள்ள வசதி இல்லாதவனுக்கு அரசாங்கமே வக்கீல் கொடுக்குமாம், அந்த வேலையில் சேர்ந்தாள். திருடன், குடிகாரன், போதைக்காரன் எல்லாம் அவள் கட்சிக்காரர்கள். ஏம்மா உனக்கு நல்ல கேஸே கிடைக்காதா என்று போனில் கேட்பேன். "நல்ல கேஸுக்குத்தான் நெறைய வக்கீல் இருக்காங்களேண்ணே" என்பாள். அப்படியே கீழ்க்கோர்ட்டில் நீதிபதி, பிறகு அப்பீல் கோர்ட்டு. அந்த மாநில கவர்னரே பொறுக்கி எடுத்துப் போட்டார்.

அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் ஊர் வக்கீல் சங்கத் தலைவர் துரைக்கண்ணு சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சங்கத்து ஹாலுக்குள் போய் வழக்கம்போல் கதவோரம் நின்றேன். "என்ன முத்துக்குமாரு நின்னுகிட்டு இருக்கீங்க, உட்காருங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உங்களுக்கு அது சாதாரணம். நான் என் வேலைக்காலம் முழுவதும் அந்தக் கட்டடத்தில் நின்றவன். நீதிபதி முன்னால் நின்றேன், தலைமை எழுத்தர் முன்னால் நின்றேன், வக்கீல் குமாஸ்தா முன்னால்கூட நின்றேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாற்காலி. மின்விசிறிக்கு நேர் கீழே. நாள் ஆக ஆக, நான் போனால் அதில் உட்கார்ந்திருக்கிற ஜூனியர் வக்கீல் எழுந்துவிடுவார். "அமெரிக்க ஜட்ஜம்மாவோட அண்ணன்" என்று புதிய சப்-ஜட்ஜுக்கு என்னை அறிமுகம் செய்தபோது அவர் எனக்கு வணக்கம் சொன்னார். நான் யாருக்கெல்லாம் சம்மன் கொண்டுபோனேனோ அவர்களெல்லாம் பேரனுக்கு அமெரிக்க விசா எப்படி வாங்குவது என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும்? தெரிந்ததுபோலச் சொன்னேன்.

தேர்தல் கதைக்கு வருகிறேன். அந்த மாநிலத்தில் நீதிபதிக்கும் ஓட்டு உண்டு தம்பி. நியமித்துச் சில வருடம் ஆனதும் ஜனங்களிடம் கேட்பார்களாம். எதிர்த்து யாரும் நிற்க முடியாது. இந்த நீதிபதி தொடரலாமா, ஆம், இல்லை. அவ்வளவுதான் சீட்டில் இருக்கும், இல்லை என்பது கூடினால் நாற்காலி போச்சு. அவள் இதை புரட்டாசிக் கடைசியில் போனில் விவரமாகத்தான் சொன்னாள். ஆனால் என் காதில் விழுந்தது ஒன்றுதான். எதிரில் யாரும் இல்லை.

அன்றைக்கே துரைக்கண்ணு சாரிடம் சொன்னேன். அவர் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் இருமுறை நின்றவர். எதிரில் ஆள் இல்லையென்றால் மனுவை வாபஸ் வாங்கும் நாளிலேயே ஜெயித்ததாக அறிவித்துவிடுவார்கள், அதற்குமேல் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? மறுநாள் கோர்ட்டு வாசலில் பிளெக்ஸ். அவள் கறுப்பு அங்கியில், பின்னால் கழுகு ஒன்று சிறகை விரித்துக்கொண்டு. "அமெரிக்கத் தேர்தலில் போட்டியின்றி வாகை சூடிய எங்கள் ஊர் நீதியரசி." கீழே சங்க நிர்வாகிகள் வரிசையாக. அவர்களைவிடக் கொஞ்சம் பெரிதாக என் படம். லட்டு கொடுத்தார்கள். சரவெடி வைத்தார்கள், ஒரு வாய்தா கேஸ் பாதியில் நின்று நீதிபதியே எட்டிப் பார்த்தார். அங்கே ஓட்டுப் பதிவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அந்த மூன்று வாரம் அவளுக்கு என்ன நடந்தது என்று போனில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. ஒரு கொலைக் கேஸ். கடையில் நின்ற பெண்ணைச் சுட்டுக் கொன்றதாக ஒரு பையன், இருபது வயதுகூட இல்லை. போலீஸில் ஒப்புக்கொண்டிருக்கிறான். கீழ்க்கோர்ட்டு ஆயுள் கொடுத்துவிட்டது. அப்பீல் இவளிடம் வந்தது, மூன்று பேர் அமர்வு. விசாரணையின்போது பையன் வக்கீல் வேண்டும், வக்கீல் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான், அவர்கள் காதில் வாங்காமல் விடியவிடியக் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்த வாக்குமூலம் செல்லாது, மறுபடி விசாரிக்க வேண்டும் என்று இவள் தீர்ப்பு எழுதிவிட்டாள். இன்னொரு நீதிபதி கூடக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு அந்த வருடம் தேர்தல் இல்லை. சாமர்த்தியம் பாருங்கள்.

அந்தப் பையன் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. அப்பீலில் யாரைப் பார்க்கிறோம், காகிதத்தைத்தானே? முகம் தெரியாத ஒருவனுக்காக.

அந்தத் தீர்ப்பு பிடிக்காதவர்கள் டி.வி.யில் விளம்பரம் போட்டார்களாம். செத்துப்போன பெண்ணின் அம்மா அழுகிறாள், பக்கத்தில் இவள் படம், சிரித்த முகமாக. எந்த விருந்திலோ எடுத்தது. அவர்களுக்கு வாயில் நுழையாத பெயரை வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திச் சொல்லி, இவரை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று. நான் அவளுக்கு எவ்வளவோ யோசனை சொன்னேன். நேரே அந்த அம்மா வீட்டுக்குப் போ, கையைப் பிடித்து அழு, ஒரு போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போடு என்றேன். கேஸைப் பற்றி நீதிபதி வெளியில் பேசக்கூடாது என்றாள். அட, முதலிலேயே இந்தக் கேஸ் எனக்கு வேண்டாம், வேறு பெஞ்சுக்கு அனுப்புங்கள் என்று தள்ளிவிட்டிருக்கலாமே, நம் பக்கத்தில் எத்தனை பேர் செய்கிறார்கள் என்றேன். "எதுக்குண்ணே? எனக்கு அந்தக் கேஸ்ல யாரையும் தெரியாதே" என்றாள். ஒருவரையும் தெரியாது என்பதுதான் அவளுக்குக் காரணம். இப்படிப்பட்டவளிடம் என்ன பேசுவது?

ஐப்பசியில் ஒரு நாள் காலையில் போன் வந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, தோத்துட்டேன்."

"யாருகிட்டம்மா?"

"யாருகிட்டயும் இல்ல."

வருட முடிவு வரைக்கும் நாற்காலி உண்டு, அதுவரை எழுத வேண்டிய தீர்ப்புகள் பாக்கி இருக்கின்றன, முடித்துவிட்டு ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. நான் வாயில் இருந்த நுரையைத் துப்பினேன். வெளியில் யாரிடமும் சொல்லாதே என்றேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

ஊரில் சொல்லிவிடலாம் என்றுதான் அன்றைக்குக் கோர்ட்டுக்குக் கிளம்பினேன். சத்தியமாக. உள்ளே போனேன். அந்த ஜூனியர் எழுந்தார். நாற்காலி சூடாக இருந்தது. துரைக்கண்ணு சார், "அம்மா எப்படி இருக்காங்க, ஓட்டெல்லாம் எண்ணி முடிச்சாச்சா, எவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லா ஓட்டும் அவளுக்குத்தான் என்றேன். எதிரில்தான் ஆளே இல்லையே என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதைப் பொய் என்று சொல்லுவீர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. எங்கோ ஏழு கடல் தாண்டி நடந்தது. இங்கே யாருக்கு அதனால் நஷ்டம்? நீங்கள் சட்டம் படிக்கிறவர், கேளுங்கள். அமீனாவுக்கு ஒரு வசதி உண்டு. சம்மனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "வீட்டில் ஆள் இல்லை" என்று எழுதலாம். மகள் கல்யாணம் வைத்திருப்பான், அறுவடை நேரமாக இருக்கும், அண்ணே இன்னிக்கு வேண்டாமே என்பான். பாவம் என்று எழுதிவிடுவேன். கேஸ் ஒரு வாய்தா தள்ளிப் போகும், அவ்வளவுதான். கேஸ் போட்டவன் காத்திருந்தால் என்ன, கோர்ட்டுக்கு வந்தவன் காத்திருக்கத்தானே வந்தான்.

தையலு சட்டம் படிக்கும்போது ஒரு நாள் என் டி.வி.எஸ். ஐம்பதில் பின்னால் உட்கார்ந்து கூடவே வந்தாள், சம்மன் எப்படிக் கொடுப்பது என்று பார்க்க. போன வீட்டில் அந்த ஆள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எச்சில் கையாலேயே கும்பிட்டான். சரி என்று வெளியில் வந்து வண்டி சீட்டின் மேல் வைத்து, ஆள் இல்லை என்று எழுதினேன். "உள்ளே சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரேண்ணே" என்றாள். ஆமாம், அதற்கென்ன என்றேன். வீடு வரும்வரை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அப்போதே எனக்குத் தெரியும், இவள் பிழைக்கத் தெரியாதவள் என்று. கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் இன்றைக்கு அந்த நாற்காலி இருந்திருக்கும். அவள் நாற்காலியைச் சொல்கிறேன்.

மண்ணச்சநல்லூர் வந்துவிட்டதா? இன்னும் கொஞ்ச நேரம்தான்.

இப்போது விழாவுக்குப் புதிய பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள், பழையது மழையில் கிழிந்துவிட்டது. இதில் என் படம் இன்னும் பெரிது. வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. பெரிதாகச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நேற்றிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தையலு, உனக்குத்தான் அவமானம், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், யாராவது தேர்தலைப் பற்றிக் கேட்டால் சிரித்துவிட்டு...

இருங்கள். போன். கண்ணாடி இல்லாமல் யார் என்று தெரியவில்லை. நீங்கள் பாருங்கள். தையல் என்றா இருக்கிறது? இந்நேரம் விமானத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

சொல்லும்மா. எங்கே? ... எங்கேம்மா? ... ம். ... ம். ... யாரு, துரைக்கண்ணு சாரா? ... நீ என்ன சொன்னே? ... இல்ல, கேக்குது. கேக்குது. ... ம். ... சரிம்மா. ... சரி. வெச்சிடு.

கொஞ்சம் தண்ணீர் இருக்குமா தம்பி?

ஒன்றுமில்லை. அவள் நேரே எங்கள் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். சென்னையில் பனி, திருச்சி விமானம் ரத்து என்று விடிவதற்குள்ளேயே சொல்லிவிட்டார்களாம், காரை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் வழியாக வந்துவிட்டாள். செய்தி அனுப்பினாளாம், நான் பார்க்கவில்லை. ஊருக்குள் நுழையும்போது கோர்ட்டு வாசலைத் தாண்டித்தானே வர வேண்டும். தன் முகத்தையே அவ்வளவு பெரிதாகப் பார்த்திருக்கிறாள். டிரைவரை நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று படித்தாளாம். எல்லாவற்றையும். என் படத்தையும்.

அவளை அடையாளம் கண்டு வக்கீல்கள் ஓடி வந்திருக்கிறார்கள். துரைக்கண்ணு சார் அவசரமாகச் சால்வை எடுத்துவரச் சொன்னாராம். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. நான் ஜெயிக்கலை சார், தோத்துட்டேன் என்று வாசலிலேயே, பிளெக்ஸுக்குக் கீழேயே நின்று சொல்லிவிட்டாள். எப்படித் தோற்றேன், எந்தக் கேஸ், எல்லாம். பிறகு துரைக்கண்ணு சார்தான் கேட்டிருக்கிறார், ஆனா முத்துக்குமாரு நீங்க ஜெயிச்சதாத்தானே சொன்னாரு என்று.

அதற்கு அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது சார். தோத்ததைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. நான்தான் ஜெயிச்சேன்னு அவர்கிட்ட பொய் சொல்லியிருந்தேன்."

இதைச் சொன்னது தையல்நாயகி. எச்சில் கையைப் பார்த்துவிட்டு என்னோடு பேசாமல் இருந்தவள்.

பார்த்தீர்களா? முடிந்துவிட்டது. நான் எவ்வளவு பயந்தேன், ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இதைத்தானே நான் இத்தனை வருடமாகச் சொன்னேன், கொஞ்சம் வளைந்து கொடு என்று. இப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது. அங்கே தனக்காக அதைச் செய்யாதவள்...

இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். தண்ணீர் போதும்.

உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்திருக்கிறார்களாம். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியைக் காட்டி, இது உங்க அண்ணனோடதும்மா என்றார்களாம். அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். சுற்றி நின்று அந்தக் கேஸைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம், ஒவ்வொரு வரியாக. விழா இருக்கிறது, பிளெக்ஸை மட்டும் கழற்றிவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்களாம். முத்துக்குமாரு மனசு ஒடைஞ்சு போவாரே, அவர்கிட்ட மெதுவாச் சொல்லணும் என்று துரைக்கண்ணு சார் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்டாள். "நீங்க வந்ததும் அவங்க சொல்லுவாங்கண்ணே. இப்பத்தான் கேக்கிற மாதிரி இருந்துக்குவீங்களா?" சரி என்றேன். வேறென்ன சொல்ல? பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

டோல்கேட் நிறுத்தம் வந்துவிட்டது. இனி எனக்குத் திருச்சியில் வேலை இல்லை, இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். அதோ எதிர்ப்பக்கம் எங்கள் ஊர் பஸ் நிற்கிறது, ஓடினால் பிடித்துவிடலாம். போகட்டும். அடுத்ததில் போகிறேன். அதற்கும் அடுத்தது இருக்கிறது.

காலைக் கொஞ்சம் ஒதுக்குங்கள் தம்பி. ஒன்று மட்டும் சொல்லுங்கள், என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு செய்தியை முதல் தடவையாகக் கேட்கிறவன் முகம் எப்படி இருக்கும்?